தொட்டிலுக்குப் பக்கத்தில் ஆள் வேண்டும்

உடுமலைப்பேட்டைப் பக்கம் வீடு கட்டுகிறவர்கள் கூரைக்குக் கான்கிரீட் போடும் நாளில், கம்பி கட்டி முடித்த தளத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு யாராவது ஒருவர் மறக்காமல் சொல்வார்கள்: "ஏனுங் மேஸ்திரி, தொட்டில் கட்ட ஒரு கொக்கி வெச்சிருங்க." அப்போது அந்த வீட்டில் கைக்குழந்தை இருக்காது. மகளுக்குக் கல்யாணமே ஆகியிருக்காது. ஆனாலும் கம்பியை வளைத்து, தளக்கம்பியோடு சேர்த்துக் கட்டி, அதன்மேல் கலவையைக் கொட்டுவார்கள். என்றைக்கோ பிறக்கப்போகும் பேத்திக்கு அன்றைக்கே படுக்கை தயாராகிவிடும்.

அந்தக் கொக்கியில் நெகமம் நூல் சேலை ஒன்று தொங்கத் தொடங்கும்போது வீட்டில் கேள்விகளும் தொடங்குகின்றன. கழுத்து மடங்கிக் கிடக்கிறதே, மூச்சு விட முடியுமா? குப்புற விழ ஆரம்பித்துவிட்டானே, தூளியிலிருந்து எகிறி விழுந்துவிட்டால்? முடிச்சு தாங்குமா? தரையில் படுக்க வைக்கலாம் என்றால் எறும்பு. கட்டிலில் போடலாம் என்றால் உருண்டு விழும் பயம். பக்கத்தில் போட்டுக்கொள்ளலாம் என்றால் தூக்கத்தில் மேலே சாய்ந்துவிடுவோமோ என்று ஒரு பதைப்பு. "நாங்கெல்லாம் இதுல வளரலயா கண்ணு" என்று அமுச்சி (அம்மாவின் அம்மா) சொன்னாலும், பெற்றவள் நடு இரவில் எழுந்து தூளிச் சேலையை விலக்கி, மூக்கருகே விரல் வைத்துப் பார்க்கத்தான் செய்கிறாள்.

அவள் பயப்படுவதில் தவறில்லை. அமுச்சி சொல்வதும் பொய்யில்லை. இரண்டும் எப்படி ஒருசேர உண்மையாகின்றன என்பதைப் புரிந்துகொண்டால் பாதி வழி தெரிந்துவிடும்.

தூளியின் பக்கம் உள்ள நியாயத்தை முதலில் பார்க்கலாம். தோட்டத்துச் சாளையில் மண்தரை, சாணம் மெழுகிய திண்ணை, பக்கத்திலேயே வைக்கோல்போர், கோழிக்கூடு என்று வாழ்ந்தவர்களுக்குக் குழந்தையைத் தரையிலிருந்து உயரத்தில் வைப்பது உயிர்ப் பிரச்சினை. எறும்பும் பூரானும் தேளும் ஒருபுறம் இருக்க, கட்டுவிரியன் என்ற பாம்பு இரவில் தரையில் படுத்திருப்பவர்களையே பெரும்பாலும் கடிக்கிறது. கடித்தது பல நேரம் தெரியாது. வலியும் வீக்கமும் குறைவாக இருக்கும். சில மணி நேரத்தில் கண்ணிமை தொங்கி, மூச்சுத் தசைகள் செயலிழக்கும். கடித்த இடத்தைச் சொல்லத் தெரியாத கைக்குழந்தைக்கு இதைவிடப் பெரிய ஆபத்து வேறென்ன? விட்டத்தில் கட்டிய சேலை அந்த ஆபத்திலிருந்து குழந்தையைத் தூக்கி வைத்தது. களைவெட்டப் போன தாய்மார்கள் வேப்பங்கிளையில் தூளி கட்டியதற்கும் அதே காரணம்தான்.

தூளி இன்னொரு நன்மையும் செய்தது. அதில் குழந்தை மல்லாந்துதான் கிடக்கும்.

இதன் அருமை தெரிய மேற்கு நாடுகளின் கதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1950களின் பிற்பகுதியில் அமெரிக்கப் பெற்றோர்கள் வேதம்போல நம்பிய பெஞ்சமின் ஸ்பாக்கின் குழந்தை வளர்ப்பு நூல், குழந்தையைக் குப்புறப் படுக்க வைக்கச் சொன்னது. மல்லாந்து கிடந்தால் எதுக்களித்த பால் மூச்சில் ஏறிவிடும் என்ற அச்சமே காரணம். நல்லெண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் நன்றாக இருந்த குழந்தைகள் காரணம் தெரியாமல் தூக்கத்திலேயே இறப்பது பெருகியது. 1980களின் இறுதியில் நியூசிலாந்தில் நடந்த பெரிய ஆய்வு குப்புறப் படுப்பதை முக்கிய ஆபத்தாக அடையாளம் காட்டியது. 1991-ல் பிரிட்டனின் தொலைக்காட்சி அறிவிப்பாளர் ஆன் டயமண்ட் தன் நான்கு மாத மகனை இப்படிப் பறிகொடுத்தார். அந்தத் துக்கத்தோடு அவர் நடத்திய பிரசாரத்தால் நாடு முழுதும் குழந்தைகளை மல்லாத்திப் படுக்க வைத்தார்கள். சில ஆண்டுகளிலேயே இறப்புகள் பாதிக்கும் கீழே இறங்கின. 1994-ல் அமெரிக்காவும் அதே பாடத்தைத் தேசிய இயக்கமாக்கியது.

பால் புரையேறும் என்ற பயம் நம் வீடுகளிலும் உண்டு. அதற்காகக் குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, முதுகுக்குத் துணிச்சுருள் முட்டுக்கொடுப்பவர்கள் பலர். உடலின் அமைப்பு வேறு கதை சொல்கிறது. மல்லாந்து கிடக்கும்போது மூச்சுக்குழல் மேலேயும் உணவுக்குழல் அதற்குக் கீழேயும் இருக்கின்றன. எதுக்களிக்கும் பால் மேலேறி மூச்சுக்குழலுக்குள் போவதைவிட வாய் வழியே வழிவதற்கோ திரும்ப விழுங்கப்படுவதற்கோதான் வாய்ப்பு அதிகம். குப்புறக் கிடந்தால் நிலைமை தலைகீழ். பால் கொடுத்ததும் தோளில் போட்டு ஏப்பம் வரும்வரை தட்டிவிட்டு, மல்லாத்திப் படுக்க வைப்பது போதும்.

இனி தூளியின் மறுபக்கம்.

பிறந்த குழந்தைக்கு உடம்பை ஒப்பிடத் தலை பெரியது; கழுத்துக்கு வலுவில்லை. சேலை வில்போல வளைந்து தொங்கும்போது முதுகு வளைகிறது, தாடை நெஞ்சில் இடிக்கிறது. பெரியவர்கள் தாடையை நெஞ்சோடு அழுத்தி வைத்துக்கொண்டு மூச்சு விட்டுப் பார்த்தால் அந்தச் சிரமம் புரியும். குழந்தையின் மூச்சுக்குழல் நம் சுண்டுவிரலைவிட மெலிந்தது, மென்மையானது. மடங்கினால் எளிதில் அடைபடும். தலையை நிமிர்த்திக்கொள்ளவும் அதற்குத் தெரியாது. சத்தம் வராது. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு நன்றாகத் தூங்குவதாகவே தோன்றும்.

சாய்ந்த படுக்கையின் இந்த ஆபத்தை உலகம் மிகுந்த விலை கொடுத்துக் கற்றது. ஃபிஷர்-பிரைஸ் நிறுவனம் 'ராக் அண்ட் பிளே' என்ற சாய்வான தூங்கு தொட்டிலை 2009 முதல் விற்றது. குழந்தைகள் அதில் சொக்கித் தூங்கியதால் பெற்றோர்கள் கொண்டாடினார்கள். 2019 ஏப்ரலில் சுமார் 47 லட்சம் தொட்டில்களை நிறுவனம் திரும்பப் பெற்றபோது 30-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் மரணம் அதோடு தொடர்புடையதாகச் சொல்லப்பட்டது. அதே ஆண்டு அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்துக்காக எரின் மேனன் என்ற உயிரியக்கப் பொறியாளர் நடத்திய ஆய்வு, 10 பாகைக்கு மேல் சாய்ந்த எந்தப் பரப்பும் குழந்தை தூங்க ஏற்றதல்ல என்று கூறியது. 2022 மே மாதம் அமெரிக்கா அத்தகைய படுக்கைகளைச் சட்டம் போட்டே தடை செய்தது. தொட்டிலின் உட்புறம் கட்டும் மெத்தென்ற பஞ்சுத் தடுப்புகளையும் அதே சட்டம் விலக்கியது.

நம் தூளிக்கு நேரடி உறவான ஒன்றும் அங்கே விற்பனையில் இருந்தது. மேலே ஸ்பிரிங், கீழே துணித்தூளி, தாங்குவதற்கு இரும்புச் சட்டம் என்று 'ஆம்பி' என்ற பெயரில் விற்ற தொட்டில் அது. இன்று நம் ஊர்க் கடைகளில் மடித்து வைத்திருக்கும் ஸ்பிரிங் தொட்டிலைப் பார்த்தவர்களுக்கு அதன் உருவத்தை விளக்கவே வேண்டாம். இரண்டு குழந்தைகள் அதில் மூச்சடைத்து இறந்தபின், 2009 டிசம்பரில் சுமார் 24,000 தொட்டில்கள் திரும்பப் பெறப்பட்டன. தூளி ஒரு பக்கம் சரிந்ததும் குழந்தை உருண்டு துணியோடு முகம் அழுந்திக்கொள்வதுதான் ஆணையம் சுட்டிக்காட்டிய ஆபத்து. தானாகத் திரும்பிக்கொள்ளும் வலு குழந்தைக்கு இல்லை. பக்கத்தில் இருந்து திருப்பிவிடவும் ஆள் இல்லை.

அமுச்சி காலத்துத் தூளியில் இதற்கெல்லாம் ஓர் ஏற்பாடு இருந்தது. தூளியின் இரண்டு பக்கத் துணியும் ஒட்டிக்கொள்ளாமல் விரித்துப் பிடிக்கத் தொட்டில் கட்டை என்று ஒரு குறுக்குக் கம்பு வைப்பார்கள். வீட்டுக்கு வீடு கடைசல் வேலை செய்த, சாயம் போன ஒரு கட்டை பரணில் கிடக்கும். அது அலங்காரத்துக்கு வைத்ததல்ல. காற்று உள்ளே போக வேண்டும், முகம் வெளியே தெரிய வேண்டும், ஆட்டும்போது துணி முறுக்கிக்கொள்ளக் கூடாது என்ற மூன்று வேலையையும் அந்த ஒன்றரை அடிக் கம்பு செய்தது. இன்று அதைத் தேடி எடுத்து மாட்டுகிறவர்கள் குறைவு.

கட்டையைவிடப் பெரிய ஏற்பாடு, தூளிக்குக் கீழே உட்கார்ந்திருந்த ஆள். அமுச்சி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கால் பெருவிரலில் கயிற்றை மாட்டி ஆட்டுவார். அவர் எழுந்தால் அத்தை. அத்தை போனால் பக்கத்து வீட்டுப் பெரியம்மா. இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களின் பிள்ளைக்காம்பரா என்ற குழந்தைகள் காப்பகத்தில் வரிசையாகத் தொட்டில் தொங்கினாலும், ஆட்டவும் பார்க்கவும் ஆயா ஒருவர் இருந்தார். மாரியம்மன் கோயிலில் வேண்டுதல் நிறைவேறிக் கரும்புத் தொட்டிலில் குழந்தையைச் சுமந்து வலம் வரும்போதும், முன்னும் பின்னும் தோள்கொடுக்கும் இருவர் கண்ணும் அந்தச் சேலைமேல்தான் இருக்கும். தூளி என்பது சேலையும் கொக்கியும் ஆளும் சேர்ந்த ஒன்றாகவே இருந்தது. "நாங்கெல்லாம் இதுல வளரலயா" என்று அமுச்சி சொல்லும்போது, தன்னையே கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுகிறார்.

இன்று சேலை இருக்கிறது, கொக்கி இருக்கிறது, ஆள் இல்லை. உடுமலையிலிருந்து விடியற்காலையில் பஞ்சாலைக்கும் திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளுக்கும் வேன் ஏறும் குடும்பங்களில் புருஷனும் பெண்டாட்டியும் மாற்று ஷிப்டில் போகிறார்கள். அமுச்சி வேறு ஊரில் இருக்கிறார். இரவு ஷிப்ட் முடித்து வந்து படுத்தவர்தான் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆள். அந்த இடத்தை நிரப்பத்தான் ஸ்பிரிங்கும், மோட்டார் வைத்துத் தானே ஆடும் தொட்டிலும் வந்தன. மோட்டார் ஆட்டும், பார்க்காது.

அதே வேன் போய்ச் சேரும் கம்பெனிகளில் நடக்கும் வேலையைக் கவனித்தால் மனம் கனக்கும். திருப்பூரில் வெளிநாட்டுக் குழந்தைகளுக்கான உடுப்பு தைக்கும் கூடங்களில் செக்கிங் டேபிளில் நிற்கும் பெண்களுக்கு ஒரு விஷயம் அத்துப்படி: சின்னப் பிள்ளைகளின் தொப்பி வைத்த சட்டையில் கழுத்துக் கயிறு கூடாது. ஐரோப்பாவில் அதற்கென்றே தரவிதி உண்டு. கழுத்துக் கயிறு வைத்த சிறுவர் மேலாடையை 2011-ல் அமெரிக்க ஆணையம் அபாயப் பொருளாகவே வகைப்படுத்தியது. சறுக்குமரத்திலும் பேருந்துக் கதவிலும் கயிறு சிக்கிக் குழந்தைகள் இறந்த அனுபவத்தில் வந்த விதி அது. பொத்தானை இழுவைக் கருவியில் மாட்டிப் பிய்கிறதா என்று பார்ப்பார்கள். முடிந்த துணி ஒவ்வொன்றையும் ஊசிமுனை இருக்கிறதா என்று கண்டறியும் இயந்திரத்துக்குள் விடுவார்கள். முன்பின் பார்த்திராத குழந்தையின் கழுத்துக்காக இத்தனை கவனம். அந்தப் பெண் வீடு திரும்பும்போது, அவளுடைய குழந்தை கழுத்தில் திருஷ்டிக்குக் கட்டிய கருப்புக் கயிற்றோடு தூளியில் தூங்கிக்கொண்டிருக்கும். கயிறு வேண்டாம் என்று சொல்வது இங்கே நோக்கமல்ல. கழுத்தில் இருப்பதை இடுப்புக்கோ கணுக்காலுக்கோ மாற்றினால் திருஷ்டி ஒன்றும் கோபித்துக்கொள்ளாது.

விற்பனைக்கு வரும் பொருள்களின் விதியிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். 2025 பிப்ரவரியில் மத்திய அரசு அறிவித்த அறைகலன் தரக்கட்டுப்பாட்டு ஆணையின் பட்டியலில் கட்டிலும் அடுக்குக் கட்டிலும் இடம்பெற்றன. தொட்டிலுக்கு மேலே தொங்கும் கிலுகிலுப்பைக்கு முத்திரை தேவை. அந்தக் கிலுகிலுப்பையும் குழந்தையும் தொங்குகிற ஸ்பிரிங் தொட்டில் இந்த இரண்டு ஆணைகளிலும் பெயர் சொல்லிச் சேர்க்கப்படவில்லை. அதைச் சேர்க்க வேண்டும் என்று கேட்கிற உரிமை ஒவ்வொரு பெற்றோருக்கும் உண்டு.

இதுவரை சொன்னது கைக்குழந்தையைப் பற்றி. தூளியால் நேரும் மிகக் கொடிய விபத்தில் பெரும்பாலும் மாட்டுவது கைக்குழந்தை அல்ல. அதன் அக்காவோ அண்ணனோ.

தமிழ்த் தினசரிகளைப் படிக்கிறவர்களுக்கு இந்தச் செய்தி பழகிப்போன வடிவத்தில் வரும். விடுமுறை நாள். பெற்றோர் வேலைக்குப் போயிருப்பார்கள், அல்லது அம்மா கடைக்குப் போயிருப்பார். தம்பிக்குக் கட்டிய சேலைத் தொட்டில் காலியாகத் தொங்கும். ஏழு வயதிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் ஒரு பிள்ளை அதில் ஏறி ஆடும். சேலையைப் பல சுற்று முறுக்கிவிட்டு, அது பிரியும்போது கிறுகிறுவென்று சுற்றுவது எல்லாப் பிள்ளைகளுக்கும் பிடித்த விளையாட்டு. அப்படிச் சுற்றும்போது கழுத்தில் ஒரு சுற்று விழுந்துவிடும். அம்மா திரும்பி வரும்போது வீடு அமைதியாக இருக்கும்.

ஏன் அந்தப் பிள்ளை கத்தவில்லை, ஏன் காலை ஊன்றி எழவில்லை என்று கேட்டுக் கேட்டே பல தாய்மார்கள் மனம் உடைந்துபோகிறார்கள். தடயவியல் மருத்துவம் இதற்குத் தெளிவான பதில் வைத்திருக்கிறது. பெரியவர்களுக்கே கழுத்தின் சிரைகளை அழுத்தி மூடச் சுமார் 2 கிலோ எடை போதும்; மூளைக்கு இரத்தம் கொண்டு போகும் தமனிக்குச் சுமார் 5 கிலோ. ஒரு பிள்ளையின் தலையும் சாய்ந்த உடம்பின் ஒரு பகுதியும் சேர்ந்தாலே அந்த எடை வந்துவிடும். மூச்சு நிற்பதற்கு முன்பே, சில நொடிகளில் நினைவு தப்பிவிடுகிறது. குரல் எழாது, கை விடுவிக்காது. பாதம் தரையில் பட்டிருந்தாலும் பயனில்லை. அந்தப் பிள்ளை வேதனைப்பட்டுக் கூப்பிட்டு யாரும் கேட்காமல் போனதாக நினைத்து வருந்த வேண்டியதில்லை. ஆனால் அடுத்த வீட்டில் இது நடக்காமல் தடுக்க முடியும், அதுவும் காசு செலவில்லாமல்.

குழந்தையைத் தூக்கியதும் சேலையைத் தொங்கவிடக் கூடாது. அவிழ்க்கலாம்; அல்லது சுருட்டி, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் கொக்கிமேலேயே போட்டு முடிந்துவிடலாம். கால் நிமிட வேலை. வீட்டில் பெரிய பிள்ளை இருந்தால் இதில் ஒருநாளும் விலக்கு வேண்டாம். நைலான், பாலியஸ்டர் சேலைகள் வழுக்கி இறுகும், முடிச்சும் நழுவும். பழைய நூல் சேலை பிடித்து நிற்கும், காற்றும் போகும். நைந்துபோனதாக மட்டும் இருக்கக் கூடாது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் இழை விட்ட இடம் தெரியும். கொக்கியும் முடிச்சும் தாங்குமா என்பதற்கு, வீட்டில் எடை அதிகமான ஆள் இரண்டு கையாலும் பற்றித் தொங்கிப் பார்ப்பதே பழைய முறை, நல்ல முறை. தூளியின் அடிப்பாகம் தரையிலிருந்து ஒன்று, ஒன்றரை அடிக்கு மேல் வேண்டாம். கீழே ஜமக்காளத்தை மடித்துப் போட்டு, சுவர், கட்டில் விளிம்பு, கிரைண்டர் எதிலும் இடிக்காத தூரத்தில் கட்ட வேண்டும்.

எத்தனை மாதம் வரை? குழந்தை குப்புற விழத் தொடங்கியதும் தூளியின் காலம் முடிந்தது என்று வைத்துக்கொள்வது நல்லது. பெரும்பாலான குழந்தைகளுக்கு அது நான்கு, ஐந்து மாதம். குப்புற விழுந்ததைக் கொண்டாடும் வீடு, அன்றைக்கே தூளியையும் இறக்கிவிட வேண்டும். அதற்கு முன்பும், அழுகையை ஆற்றவும் சொக்க வைக்கவும் மட்டும் தூளி. அதுவும் ஆள் பக்கத்தில் இருக்கும்போது. கண் அசந்ததும் தூக்கிச் சமமான இடத்தில் கிடத்துவதே சரி. தூக்கினால் விழித்துக்கொள்ளும் என்று எல்லா அம்மாக்களும் சொல்வார்கள். விழித்துக்கொள்ளத்தான் செய்யும். சில நாளில் பழகிவிடும்.

சமமான இடம் எது? இதற்குக் கொங்கு நாட்டில் கடை தேடி அலைய வேண்டியதில்லை. உலகக் குழந்தை மருத்துவச் சங்கங்கள் கேட்பது கெட்டியான, சமதளமான, தலையணையும் போர்வையும் பொம்மையும் இல்லாத ஒரு பரப்பு. கோரைப்பாய், அதன்மேல் பவானி ஜமக்காளம், அதன்மேல் சுருக்கமில்லாமல் விரித்த நூல் துணி. இதைவிடப் பொருத்தமான படுக்கையைச் சொல்வது கடினம். மெத்தைதான் வேண்டும் என்றால் தென்னை நார் மெத்தை இருக்கிறது. உடுமலை, பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளின் தேங்காய் மட்டையிலிருந்து உரித்த நாரை ரப்பர்ப் பாலோடு சேர்த்து அழுத்தி உருவாக்கும் அது இயல்பிலேயே கெட்டி. உள்ளங்கையை அழுத்தி எடுத்தால் பள்ளம் அப்படியே நிற்கும் மெத்தை குழந்தைக்கு ஆகாது. முகம் புதைந்தால் விடுபட முடியாது. இலவம்பஞ்சு மெத்தையும், மெத்தென்ற ஃபோம் மெத்தையும் இந்தச் சோதனையில் தோற்கக்கூடும். தலை உருண்டையாக வரும் என்று வைக்கும் கடுகுத் தலையணையும் தூங்கும்போது வேண்டாம். விழித்திருக்கும் நேரத்தில் நம் கண்முன்னால் கொஞ்ச நேரம் குப்புறப் போட்டு விளையாட விட்டால் தலை தட்டையாவது குறையும், கழுத்துக்கும் வலு வரும்.

தரையில் படுக்கை என்றதும் பாம்பும் எறும்பும் நினைவுக்கு வரும். அதற்குக் கொசுவலை. வலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் முழுக்கச் செருகி வைக்க வேண்டும். நேபாளத்தின் தென்கிழக்கில் நடந்து 2007-ல் வெளியான ஆய்வு, கொசுவலைக்குள் தூங்கியவர்களுக்குப் பாம்புக்கடி குறைவு என்று காட்டியது. தமிழக அரசு 2015-ல் தொடங்கிய குழந்தைகள் பரிசுப் பெட்டகத்தில் துண்டு, சட்டை, எண்ணெயோடு சின்னப் படுக்கையும் கொசுவலையும் இருந்தன. அரசு மருத்துவமனையில் பிரசவமான வீடுகளில் குழந்தையின் முதல் படுக்கையே அதுவாக இருந்தது. பின்லாந்தில் 1938 முதல் அரசு தரும் தாய்மைப் பெட்டியில் அட்டைப்பெட்டியே தொட்டிலாகப் பயன்பட்டது. சுற்றிச் சுவர், அடியில் கெட்டி மெத்தை, வேறொன்றுமில்லை.

மரத்தொட்டில் செய்யச் சொல்லும் வீடுகளில் ஆசாரியிடம் ஓர் அளவைச் சொல்லிவிட வேண்டும். சட்டங்களுக்கு இடையே 6 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. அதற்கு மேல் போனால் உடம்பு நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும். மெத்தைக்கும் பக்கச் சட்டத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைந்தால் மெத்தை சிறியது. ஒரு பக்கம் கீழே இறங்கும் கதவு வைத்த தொட்டிலில் கொளுவி தேய்ந்து சந்து விழுந்து குழந்தைகள் சிக்கியதால், அமெரிக்கா 2011 ஜூன் முதல் அதைத் தடை செய்தது. அந்த அமைப்பை ஆசாரி சிபாரிசு செய்தாலும் மறுத்துவிடுவது மேல். தாத்தா காலத்துத் தொட்டிலைப் புதுப்பிக்கிறவர்கள் பெயிண்டைக் கவனிக்க வேண்டும். பல் முளைக்கும் பிள்ளை சட்டத்தைத்தான் கடிக்கும். வீட்டு வண்ணப்பூச்சில் ஈயம் 90 பி.பி.எம். அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் இங்கே நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் எவ்வளவு ஈயம் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

பெற்றோரோடு ஒரே படுக்கையில் போடலாமா என்ற கேள்விக்கு அமெரிக்க மருத்துவர்கள் வேண்டாம் என்கிறார்கள். ஒரே அறையில், தனிப் படுக்கையில் போடச் சொல்கிறார்கள். நம் வீடுகளில் தாயின் சூட்டிலிருந்து குழந்தையைப் பிரிப்பது நடக்கிற காரியமல்ல. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் தெற்காசியக் குடும்பங்களை ஆராய்ந்தவர்கள் இதற்குக் கொஞ்சம் ஆறுதலான பதில் தருகிறார்கள். பெற்றோருக்கு அருகில் தூங்கும் வழக்கம் அதிகமிருந்தும் அங்கே அந்தக் குழந்தைகளிடம் திடீர் மரணம் குறைவாக இருந்தது. தாய்ப்பாலும், அம்மாக்களிடம் புகையும் மதுவும் இல்லாததும் முக்கியக் காரணங்களாகக் கருதப்படுகின்றன. ஆகவே நம் வீட்டுக்கான விதி கறாரானது: குடித்துவிட்டு வந்தவரும், பீடி சிகரெட் புகைப்பவரும், தூக்க மாத்திரை போட்டவரும் குழந்தையோடு படுக்கக் கூடாது. அன்றைக்கு அப்பா திண்ணையில் படுக்கட்டும். சோபாவில் சாய்ந்து பால் கொடுத்தபடியே தூங்கிப்போவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போட்டு நடுவே கைநுழையும் சந்து விடுவதும் அப்படித்தான்; குழந்தை அதில் இறங்கிச் சிக்கிக்கொள்ளும். தரையில் பாய் விரித்துப் படுத்தால் இந்த இரண்டு தொல்லையும் கிடையாது.

பழக்கத்தை அடியோடு விடச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள் என்பதை நியூசிலாந்தின் மாவோரி மக்கள் காட்டினார்கள். குழந்தையோடு படுப்பது அவர்கள் வழக்கம். அதை விடச் சொன்ன அறிவுரை காதில் ஏறவில்லை. 2006 வாக்கில் டேவிட் டிப்பீன்-லீச் என்ற மாவோரி மருத்துவரும் நெசவுக் கலைஞர்களும் சேர்ந்து, அந்த மண்ணின் ஹராகெகே என்ற நார்ச்செடியின் இலையில் முடைந்த சின்னக் கூடைத் தொட்டிலைக் கொண்டுவந்தார்கள். வஹாகுரா என்று பெயர். கூடை பெற்றோர் படுக்கையின் நடுவிலேயே இருக்கும். குழந்தை கூடைக்குள் தனியே, சமமாக மல்லாந்து கிடக்கும். பாட்டியும் ஏற்றாள், மருத்துவரும் ஏற்றார். கோரையும் மூங்கிலும் முடையத் தெரிந்த கைகள் காவிரிக் கரையிலும் உடுமலையைச் சுற்றியும் இருக்கும்போது, இங்கே அப்படியொன்று செய்து பார்க்க யாராவது முன்வந்தால் நன்றாக இருக்கும்.

ஆள் இல்லாத வீட்டுக்கு ஆள் தருவதும் படுக்கைப் பாதுகாப்பில் சேர்ந்ததுதான். முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 1948-ன் தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்கு 2017-ன் மகப்பேறு சட்டத் திருத்தம் அதை விரித்தது. தாய் நாளுக்கு நான்கு முறை குழந்தையைப் பார்த்து வரவும் வழி செய்தது. காப்பகம் பெயருக்கு இருக்கிறதா, ஆயாவோடு இருக்கிறதா என்பதை வேன் ஏறுகிறவர்கள்தான் சொல்ல முடியும், கேட்கவும் முடியும்.

பெரிய பிள்ளைகளைப் பற்றி இன்னும் ஒரு சொல். தம்பியின் தூளியில் அவர்கள் ஏறுவது ஆட வேண்டும் என்ற ஆசையில். அதட்டினால் ஆசை போகாது. யாரும் இல்லாத நேரம் பார்த்து ஏறுவார்கள். ஆடி பதினெட்டுக்குக் கொங்கு ஊர்களில் மரத்தில் தூரி கட்டுவார்கள். கைப்பருமன் கயிறு, உட்காரப் பலகை, காலை உந்த வெட்டவெளி, சுற்றிலும் சித்தப்பாவும் மாமனும். உட்காரும் பலகை அகலமாகவும் கயிறு தடிமனாகவும் இருப்பதால், தூளிச் சேலையைவிடக் கழுத்தைச் சுற்றிக்கொள்ளும் வாய்ப்பு குறைவு. அந்தத் தூரியை ஆடி முடிந்ததும் அவிழ்க்காமல், வாசல் வேம்பில் ஆண்டு முழுதும் விட்டுவைக்கும் வீடுகள் உண்டு. சாயங்காலம் பள்ளிக்கூடப் பையை எறிந்துவிட்டு அக்காவும் அண்ணனும் அதற்குத்தான் ஓடுகிறார்கள். உள்ளே தூளிச் சேலை சுருட்டி மேலே கிடக்கிறது. தம்பி பாயில், கொசுவலைக்குள், கையை விரித்துக்கொண்டு மல்லாந்து தூங்குகிறான்.